ஒரு மொழிக்கு மூன்று கொட்டேஷன்

எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களின் ஆராய்ச்சியை ஊக்குவிக்க ஒரு சிறு நிதி இருக்கிறது. எவ்வளவு சிறியது என்றால், அதை அறிவிப்பதற்காக நுழைவாயிலில் கட்டிய பேனருக்கு ஆன செலவில் இரண்டு பேருக்கு அந்த நிதியைக் கொடுத்திருக்கலாம். பேனரில் ஆராய்ச்சித் துணைத் தலைவர் டாக்டர் எவரிஸ்டோ பனகித்தோன் ஊர்ச் சனங்களை ஏற்றிப் போகும் ஜீப்னி வண்டி அளவு முகத்தோடு சிரித்துக்கொண்டிருப்பார். நிதியின் பெயர் அவருடைய தாடைக்குக் கீழே, கொஞ்சம் குனிந்தால் படிக்கும்படி இருக்கும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். எங்கள் இடத்தில் சுண்டைக்காய் வந்து சேராது. சுமைகூலி மட்டும் தவறாமல் செலவாகிவிடும்.

நான் இலக்கியம் நடத்துகிறவன். அந்த நிதிக்கு ஒருமுறைகூட விண்ணப்பித்ததில்லை. விண்ணப்பித்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது போதும்.

பெனில்டா சுமல்போங் பார்த்தும் திருந்தவில்லை. மொழியியல் ஆசிரியை. அவளும் நானும் பல வருடமாக ஒரே அறையில் ஒரே மின்விசிறியைப் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவள் சம்பளம் மூன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைத் தாண்டி வெளியே எட்டிப் பார்ப்பதில்லை. அதனால்தான் அந்த நிதி வேண்டியிருந்தது. அவளுக்கு வேண்டியது டோராய் அக்கா.

டோராய் அக்கா துறைமுகச் சந்தையில் கருவாடு விற்கிறாள். அவள் பிறந்தது ஹிமரோக் தீவில். ஒரு பெரும்புயலுக்குப் பிறகு அந்தத் தீவு மக்கள் எங்கள் ஊருக்கு வந்து, இங்கேயே பெண் எடுத்துப் பெண் கொடுத்து, பிள்ளைகளை எங்கள் மொழியான விசயா பேச வைத்துக் கரைந்துபோனார்கள். ஹிமரோக் மொழி பேச மிஞ்சியவர்கள் டோராயும் அவள் அண்ணனும். அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு, அவள் அந்த மொழியைக் கருவாட்டுக்கு வரும் பூனைகளைத் திட்ட மட்டுமே பயன்படுத்தினாள். பூனைகளுக்கு நன்றாகப் புரிந்தது.

மழைக்காலம் தொடங்கிய வாரம் பெனில்டா சந்தைக்குப் போனபோது டோராய் சொன்னாள், "விசா வந்துடுச்சு டீச்சரம்மா. கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே மக கனடாவுக்கு வரச் சொல்றா. வின்னிபெக்காம்."

"அந்தக் குளிரு தாங்குவீங்களாக்கா?"

"முப்பது வருஷமா இந்தக் கருவாட்டு நாத்தத்தையே தாங்கிட்டேன், குளிர் என்ன பண்ணிடும்? பூனையைத்தான் கூட்டிட்டு வரக்கூடாதாம். அப்புறம் நான் யாரைத் திட்டுறது?"

பெனில்டா சிரிக்கவில்லை. டோராய் விமானம் ஏறிவிட்டால் ஹிமரோக் மொழியும் ஏறிவிடும். அதற்குள் உட்கார வைத்துப் பேச வைத்துப் பதிவு செய்துவிட வேண்டும். ஒரே ஒருமுறையாவது படகு வைத்து அந்தத் தீவுக்கும் கூட்டிப் போக வேண்டும். காரணம், ஹிமரோக்கில் காற்றுக்கு மட்டும் ஏராளமான பெயர்கள் உண்டு. எந்தப் பாறைப் பக்கமிருந்து அடிக்கிறதோ அதற்கு ஒரு பெயர். அந்தப் பெயர்கள் டோராய்க்கு ஊரில் இருக்கும்போது வாயில் வருவதில்லை. கடையைச் சாத்திவிட்டு வந்தால் அன்றைய சோற்றுக்கு யார் பொறுப்பு என்று டோராய் கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தச் சோற்றுக்கும் ஒரு படகுக்கும்தான் பெனில்டா நிதி கேட்டாள். அவ்வளவுதான் கதை. மீதியெல்லாம் நிர்வாகம்.

முதலில், விண்ணப்பிப்பது எப்படி என்று ஒரு பயிலரங்கு நடந்தது. போகாதவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது. துணைக்கு நானும் போனேன், பன்சித் நூடுல்ஸ் போடுவார்கள் என்பதால். ஜெபம், தேசிய கீதம், பல்கலைக்கழக கீதம் முடிந்து, பேச்சாளரை அறிமுகப்படுத்தப் போகிறவரை ஒருவர் அறிமுகப்படுத்தினார். பிறகு டாக்டர் பனகித்தோன் எழுந்தார்.

"அன்பு ஆசிரியர்களே! சிலர் கேக்கறாங்க, போன வருஷம் எத்தனை பேருக்கு நிதி கொடுத்தீங்கன்னு. நான் நெஞ்சை நிமித்திச் சொல்றேன், போன வருஷம் ஒரு பேசோகூட வீணாகல. எப்படி? ஒரு பேசோகூட வெளிய போகல!"

கைதட்டல்.

"மத்த பல்கலைக்கழகத்துல பணத்தைக் கொடுத்துட்டு, ஆராய்ச்சி எங்கே எங்கேன்னு தேடிட்டு இருக்காங்க. நமக்கு அந்தத் தலைவலியே இல்ல. நம்ம நோக்கம் பணம் கொடுக்கறது இல்ல, நண்பர்களே. விண்ணப்பிக்கிற பண்பாட்டை வளர்க்கறது! விண்ணப்பிச்சவர் மறுபடி விண்ணப்பிக்கணும். அதுதான் வளர்ச்சி."

எல்லோருக்கும் கலந்துகொண்டதற்கான சான்றிதழ் கொடுத்தார்கள். சான்றிதழ் கொடுத்தவருக்கும் ஒரு பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். பன்சித் நன்றாக இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன்.

அடுத்தது தேர்வுக் குழுவின் நேர்காணல். அதே டாக்டர் பனகித்தோன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக்கு ஒருவராக இரண்டு பேர் தலையாட்டுவதற்கு இருந்தார்கள். நடந்ததைப் பெனில்டா அறைக்கு வந்து அப்படியே நடித்துக் காட்டினாள்.

"இந்த மொழியை மொத்தம் எத்தனை பேர் பேசறாங்க, மேடம்?"

"ஒருத்தர், சார்."

"டிசம்பருக்கு அப்புறம்?"

"இங்க யாரும் இல்ல, சார்."

"அப்ப ஆராய்ச்சி முடியும்போது பயனாளிகள் பூஜ்யம். ஆராய்ச்சியே பண்ணாம விட்டாலும் பூஜ்யம். ரெண்டும் ஒண்ணாத்தானே வருது? அப்புறம் எதுக்கு நிதி?"

அந்தக் கணக்கில் எங்கே ஓட்டை என்று பெனில்டா யோசித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிட்டது.

"சரி, இந்த மொழியில இருந்து ஏதாவது தயாரிச்சு விக்க முடியுமா? போன தடவை ஒருத்தர் வாழைக்காய் சிப்ஸ் போட்டுக் காமிச்சார். அருமையா இருந்துச்சு."

"மொழியை வறுக்க முடியாதே, சார்."

"அந்தம்மா என்ன தொழில் பண்றாங்க?"

"கருவாடு விக்கறாங்க."

டாக்டர் பனகித்தோனின் முகம் பேனரில் இருப்பதைப் போலவே மலர்ந்தது. "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே, மேடம்!" அங்கேயே தலைப்பை மாற்றினார்கள். 'காலநிலை மாற்றச் சூழலில் கருவாட்டின் மதிப்புக்கூட்டலும் உணவுப் பாதுகாப்பும்: ஒரு மொழிசார் அணுகுமுறை.' மொழி கடைசியில், ஜீப்னிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறவனைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. விழுந்துவிடவில்லையே என்று பெனில்டா சந்தோஷப்பட்டாள். நிதி கிடைத்துவிட்டது.

கிடைத்ததை விழா வைத்துக் கொடுத்தார்கள். கதவளவு அட்டையில் செய்த காசோலை. அதை ஒருபக்கம் பெனில்டாவும் மறுபக்கம் டாக்டர் பனகித்தோனும் பிடித்துக்கொள்ள, பின்னால் பேனர் தெரிய, புகைப்படம் எடுத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் பெனில்டா அட்டையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டாள். கொள்முதல் அலுவலகத்து மேடம் பெர்லித்தா ஓடிவந்து மறித்தார்.

"மேடம், மேடம்! இது ஆபீஸ் சொத்து. பின்னாடி நம்பர் ஒட்டியிருக்கு பாருங்க. நாளைக்கு விவசாயத் துறைக்கு வேணும்."

"அப்ப நிஜச் செக் எப்ப வரும்?"

"பணம் உங்க கைக்கு வராதுங்க மேடம். உங்க கைக்கு வந்தா அதுக்கு ஊழல்னு பேரு. உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க, நாங்க வாங்கித் தர்றோம்."

பெர்லித்தா கெட்டவர் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் கெட்டவர்கள் யாருமே இல்லை. இருந்திருந்தால் ஒருவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். பெர்லித்தாவின் மேஜையில் பிள்ளைகளின் படங்கள் கண்ணாடிக்குக் கீழே வரிசையாக இருக்கும். ஓர் அடிக்கோல் கையை விட்டு இறங்காது. யாருக்கும் ஒரு குண்டூசிகூட விதிக்கு வெளியே வாங்கித் தந்ததில்லை. யாருக்கும் எதுவும் வாங்கித் தந்ததாகவும் எனக்கு நினைவில்லை.

"எது வாங்கணும்னாலும் மூணு கொட்டேஷன் வேணும், மேடம்."

"இந்த மொழி பேசறவங்க ஒரே ஆள்தான், மேடம்."

"அப்ப அந்தம்மா ஏகபோகம் பண்றாங்க. அதை நாம ஊக்குவிக்கக் கூடாது. இன்னொண்ணு, 'ஹிமரோக்'னு பேர் போட்டிருக்கீங்க. பிராண்ட் பேர் போடக் கூடாதுங்க. இன்ன கம்பெனி பேனான்னு எழுதுவோமா? பேனா, நீலம், மூடியோடன்னுதான எழுதுவோம்? அந்த மாதிரி தன்மையை மட்டும் எழுதுங்க."

இரண்டு பேரும் சேர்ந்து எழுதினார்கள். மொழி, ஒன்று. மனிதர் பேசக்கூடியது. வினைச்சொற்கள் உள்ளது. எண்ணூறு சொற்களுக்குக் குறையாதது. அல்லது அதற்கு நிகரானது.

"நிறம்?"

"மொழிக்கு நிறம் கிடையாதுங்க."

"அந்த இடத்தைக் காலியா விட்டா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. கறுப்புன்னு போட்டுக்கறேன், எல்லாரும் அதைத்தான் கேப்பாங்க. வாரன்டி ஒரு வருஷம் போதுமா?"

பெனில்டா போதும் என்றாள். அதற்குள் அவளுக்கே அது இயல்பாகப் படத் தொடங்கியிருந்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்று நான் அவளுக்கு முன்பே சொல்லியிருந்தேன். பூசாரி இவ்வளவு பணிவாக இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு கொட்டேஷன் டோராயிடம் வாங்கினாள். கடையைச் சாத்துவதால் ஆகும் நட்டத்தைக் கூட்டிப் பார்த்து ஒரு விலை சொன்னாள் அவள். இரண்டாவது, பன்சித் போடுகிற கேட்டரிங் அம்மாவிடம். அந்த அம்மா எழுபது பேருக்கு என்று விலை எழுதிக் கொடுத்தாள். மூன்றாவதற்குப் பெனில்டா எதிர்ச்சாரியில் இருக்கும் மெல்ச்சோரின் கடைக்குப் போனாள்.

மெல்ச்சோர் காகிதம், ரிப்பன், பிளாஸ்டிக் நாற்காலி, கோப்பை, மலர்வளையம் எல்லாம் விற்கிறவர். பேனரும் அச்சடிப்பார். எங்கள் பல்கலைக்கழகம் எதை வாங்கினாலும் அதில் மெல்ச்சோரின் கொட்டேஷன் ஒன்று இருக்கும். எருமைக்குக் கொடுத்திருக்கிறார், எக்ஸ்ரே இயந்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார். எங்கள் ஊர் வழக்கம் அது. ஒரு கடையில் வாங்குவது என்று முடிவாகிவிட்டால், மற்ற இரண்டு கடைக்காரர்கள் கூடுதல் விலை எழுதித் தோற்றுக் கொடுப்பார்கள். நாளைக்கு அவர் முறை, இன்றைக்கு இவர் முறை. அதனால் மெல்ச்சோர் பேனாவை எடுக்கும்போதே எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"ஜெயிக்கவா, தோக்கவா, மேடம்?"

பெனில்டாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. அவள் இதற்கு முன் எதையும் வாங்கியதில்லை. அந்தக் கேள்வியில் ஒருவழியாக ஒருவர் தன் ஆராய்ச்சியைப் பற்றி அக்கறையாக விசாரிக்கிறார் என்று நினைத்து நெகிழ்ந்துபோனாள்.

"ஜெயிக்கணும்னுதான் ஆசை, மெல்ச்சோர்."

மெல்ச்சோர் என்ன பொருள் என்றுகூடப் பார்க்காமல் அடிமாட்டு விலைக்கு எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலையிலும் உறைகளைப் பிரித்தார்கள். விலை குறைந்தவர் மெல்ச்சோர். ஒரு மொழி, கறுப்பு நிறம், வினைச்சொற்களோடு, ஒரு மாதத்துக்குள் சப்ளை செய்ய வேண்டும் என்ற ஆணை அவர் கடைக்குப் போயிற்று. அரைமணி நேரத்தில் மெல்ச்சோர் எங்கள் அறையில் இருந்தார். வியர்த்து வழிந்துகொண்டிருந்தது.

"மேடம், நான் பேப்பர் விக்கறவன். என்னை ஏன் மேடம் இப்படி மாட்டி விட்டீங்க?"

"நீங்கதான கேட்டீங்க, ஜெயிக்கவான்னு?"

"அது கொட்டேஷனைக் கேட்டேன் மேடம்! உங்க வாழ்க்கையைக் கேக்கல!"

"முடியாதுன்னு எழுதிக் கொடுத்துடுங்க."

"கொடுத்தா கறுப்புப் பட்டியல்ல போட்டுடுவாங்க. அப்புறம் இங்க ஒரு கிளிப்புகூட விக்க முடியாது. என் பொண்டாட்டி என்னைக் கொன்னுடுவா."

மூவரும் பெர்லித்தாவிடம் போனோம். மெல்ச்சோர் ஜெயித்த பணத்தை டோராயிடம் கொடுத்து, டோராயே வந்து பேசினால் என்ன என்று நான்தான் கேட்டேன். எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றியது. பெர்லித்தா வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"அந்தம்மா போட்டியில தோத்தவங்க, சார். தோத்தவங்களைக் கொல்லைப்பக்கமா உள்ள விட்டா, போட்டின்னு ஒண்ணு எதுக்கு? ஜெயிச்சவர்தான் சப்ளை பண்ணணும்."

வேறு வழியில்லாமல், மறுநாள் மாலை கடையைச் சாத்திவிட்டு மெல்ச்சோர் துறைமுகச் சந்தைக்குப் போய், டோராயின் கடையில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி போட்டு உட்கார்ந்தார். மொழி கற்க.

இங்கேதான் எனக்கே எதிர்பாராத ஒன்று நடந்தது. டோராய் கடையைச் சாத்தவே இல்லை. மெல்ச்சோர் பொட்டலம் கட்டினார், அவள் விற்றாள். ஒவ்வொரு மீனுக்கும் பெயர் சொல்லிக் கொடுத்தாள். பெயர் தப்பினால் பூனையைத் திட்டும் அதே வார்த்தையால் அவரையும் திட்டினாள். சரக்குக் கணக்கு வைத்துப் பழகிய மெல்ச்சோரின் தலை, சொன்னதைப் பிடித்துக்கொண்டது. வினைச்சொல் வந்தாக வேண்டும் என்று ஆணையில் இருந்ததால் வினைச்சொல்லாகக் கேட்டு நச்சரித்தார். பெனில்டா பக்கத்தில் நின்று கைபேசியில் பதிவு செய்தாள். சந்தை இரைச்சல், கோழி, படகு மோட்டார் எல்லாம் அதில் விழுந்தன. விழட்டும். அண்ணன் போன பிறகு டோராய் மனிதனோடு ஹிமரோக் பேசுவது அதுதான் முதல் தடவை.

"நிதி வரலேன்னா என்ன டீச்சரம்மா, பொட்டலம் கட்ட ஒரு ஆள் வந்துட்டான்ல? கொஞ்சம் மந்தம்தான். ஆனா பூனையை விடப் பரவாயில்ல," என்றாள் டோராய்.

ஒருநாள் மாலை பூனை ஒன்று தட்டில் இருந்த நல்ல கருவாடாகப் பார்த்துக் கவ்விக்கொண்டு போயிற்று. மெல்ச்சோர் பதறி எழுந்து, ஒரு கம்பை எடுத்துக்கொண்டு வந்து அந்தக் காலித் தட்டுக்குக் காவலாக நின்றார். அந்த வழியாக வந்த ஒரு கிழவரைக்கூடத் தள்ளிப் போகச் சொல்லி அதட்டினார். டோராய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"தங்குலோய்! தங்குலோய்!"

"அப்படின்னா என்னக்கா?" என்றாள் பெனில்டா.

"பூனை மீனைத் தின்னுட்டுப் போனப்புறம், காலிப் பானைக்குக் கம்பை வச்சுக்கிட்டுக் காவல் நிக்கறவன். சும்மா நிக்க மாட்டான். வர்றவன் போறவனையெல்லாம் விரட்டுவான். எங்க தீவுல ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தாங்க."

"எங்க ஆபீஸ்ல ஒரு மாடி நிறைய இருக்காங்கக்கா."

படகு மட்டும் கிடைக்கவில்லை. படகுக்கும் மூன்று கொட்டேஷன், படகோட்டியின் வரி எண், தீவு அங்கே இருப்பதற்குத் தீவின் நிர்வாகியிடம் ஒரு சான்று என்று கேட்டார்கள். தீவில் யாரும் இல்லை என்பதால்தான் இந்த ஆராய்ச்சியே என்று பெனில்டா எழுதினாள். யாரும் இல்லை என்பதற்கு அங்கே இருக்கும் யாராவது கையெழுத்திட வேண்டும் என்று பதில் வந்தது. சொந்தக் காசில் போய்விடலாம் என்று அவள் கிளம்பிய வாரம் புயல் எச்சரிக்கை. அதற்கடுத்த வாரமும் அதுவே.

சப்ளையைச் சரிபார்க்கும் நாள் வந்தது. நீள மேஜைக்குப் பின்னால் பெர்லித்தா அடிக்கோலோடு உட்கார்ந்திருந்தார். டாக்டர் பனகித்தோனும் வந்திருந்தார், புகைப்படம் உண்டு என்பதால். சுவரில் பேனர், மூலையில் அந்த அட்டைக் காசோலை. மெல்ச்சோர் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார்.

"எண்ணூறையும் கேக்க நேரமில்ல. பேனா டப்பாவுல பார்க்கற மாதிரி பத்துக்கு ஒண்ணு எடுத்துப் பார்ப்போம்," என்றார் பெர்லித்தா.

மெல்ச்சோர் ஆரம்பித்தார். மீன்கள் வந்தன, எண்கள் வந்தன. பெர்லித்தா ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டார். நடுவில் நிறுத்தி, "இந்தச் சொல் ஏற்கெனவே வந்துச்சு. டூப்ளிகேட். கழிச்சுக்கறேன்," என்றார். வேறு ஒரு வேற்றுமையில் வந்தது என்று பெனில்டா விளக்க எழுந்தாள். உபயோகிப்பவர் சரிபார்ப்பில் தலையிடக் கூடாது என்று உட்கார வைத்தார்கள். வினைச்சொற்களுக்கு வந்தபோது மெல்ச்சோர் பயத்தில் திக்கி நின்றுவிட்டார்.

வாசலில் இருந்து ஒரு குரல் அடுத்த சொல்லை எடுத்துக் கொடுத்தது.

டோராய். அன்று இரவுக் கப்பலில் மணிலா போய், அங்கிருந்து விமானம். பெனில்டாவிடமும் மெல்ச்சோரிடமும் சொல்லிக்கொண்டு போக வந்திருந்தாள். கையில் ஒரு பை.

"அம்மா, நீங்க பேசக் கூடாது. நீங்க தோத்த பார்ட்டி," என்றார் பெர்லித்தா, மரியாதையாகத்தான்.

டோராய் மேஜையைப் பார்த்தாள். கோடுகளையும் அடிக்கோலையும் பேனரையும் மூலையில் நம்பர் ஒட்டி வைத்திருந்த காசோலையையும் பார்த்தாள். பாதியில் திக்கி நின்ற மெல்ச்சோரைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பாக, பெர்லித்தாவைப் பார்த்துத் தலை குனிந்து சொன்னாள்.

"தங்குலோய்."

டாக்டர் பனகித்தோனைப் பார்த்து இன்னும் ஆழமாகக் குனிந்து, "தங்குலோய்," என்றாள்.

மெல்ச்சோரின் கைக்குட்டை கீழே விழுந்தது. நான் சன்னலுக்கு வெளியே ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"என்ன சொல்றாங்க?" என்றார் டாக்டர் பனகித்தோன்.

பெனில்டா எழுந்தாள். பொய் சொல்லத் தெரியாதவள். "பானையைக் காவல் காக்கறவங்கன்னு சொல்றாங்க, சார்."

"யாரை?"

"உங்களைத்தான், சார். எல்லாரையும்."

"பானைன்னா?"

"எல்லாருக்கும் பொதுவான பானை, சார். கம்பு வச்சுக்கிட்டு, யாரையும் கிட்ட அண்ட விடாம காக்கறவங்க."

டாக்டர் பனகித்தோனின் கண் கலங்கியது. எழுந்துபோய் டோராயின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். "இத்தனை வருஷ சேவையில என்னை இவ்வளவு சரியா யாரும் புரிஞ்சுக்கிட்டது இல்லம்மா!" படம் எடுத்தார்கள்.

மெல்ச்சோரின் சப்ளை ஏற்கப்படவில்லை. ஒரு வருடம் வாரன்டி தர வேண்டும், மொழி ஒரு வருடம் வேலை செய்யும் என்று அவரால் உத்தரவாதம் எழுதித் தர முடியவில்லை. ஆனால் முயன்றார் என்பதால் கறுப்புப் பட்டியலிலும் போடவில்லை. நிதி ஆண்டுக் கடைசியில் கருவூலத்துக்குத் திரும்பிப் போயிற்று. சிக்கனத்துக்காக டாக்டர் பனகித்தோனுக்கு ஒரு கேடயம் கிடைத்தது. கேடயம் மெல்ச்சோரின் கடையில் செய்தது.

சரிபார்ப்பு நடந்த அன்று மாலை துறைமுகத்தில் டோராய் காற்றில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெனில்டா கைபேசியை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"வரல டீச்சரம்மா. தீவுல போய் நின்னாதான் அதுங்க பேர் சொல்லும். இங்க வெறும் காத்துதான் அடிக்குது."

கப்பல் போன பிறகும் பெனில்டா பதிவை நிறுத்தவில்லை. அந்தக் காற்றுகளின் பெயர் இனி யாருக்கும் தெரியாது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். படகுக்கான அனுமதி ஜனவரியில் வந்தது. மேலே சிவப்பு மையில் 'அவசரம்' என்று முத்திரை குத்தியிருந்தது.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை, கொடியேற்றத்துக்கு எல்லோரும் மைதானத்தில் வரிசையாக நின்றோம். புதுப் பேனர் ஒன்று மூன்று மாடிக்குத் தொங்கியது. அதில் டாக்டர் பனகித்தோனின் முகம் முன்பைவிடப் பெரிதாக இருந்தது. சிறு ஆய்வு நிதிக்குப் புதுப் பெயர் சூட்டியிருந்தார்கள். அழிந்துவரும் நம் மண்ணின் மொழியில் இருந்து எடுத்த பெயராம். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடி ஒட்டவும் செய்திருந்தார்கள். அச்சடிக்கும் முன் மெல்ச்சோர் பெனில்டாவிடம் வந்து, "எழுத்து சரியா இருக்கா மேடம்?" என்று கேட்டுக்கொண்டுதான் போயிருந்தார்.

"நண்பர்களே! இது வெறும் பேர் இல்ல. இதுதான் நாம! இனிமே இந்த அலுவலகத்துல வேலை செய்யற ஒவ்வொருத்தரும் பெருமையா இப்படித்தான் கூப்பிட்டுக்கணும். கையை உயர்த்துங்க! நாம யார்?" என்று முழங்கினார் டாக்டர் பனகித்தோன்.

"தங்குலோய்!"

"கேக்கல! நாம யார்?"

"தங்குலோய்!"

முன்வரிசையில் பெர்லித்தா அடிக்கோலை உயர்த்திக் கத்தினார். பின்வரிசையில் எங்கள் பெனில்டாதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். ஒரு கையை உயர்த்தியிருந்தாள், மறு கையில் கைபேசி இருந்தது.

கைபேசியில் எடுத்த அந்த வீடியோவை வின்னிபெக்குக்கு, டோராய்க்கு அனுப்பினாள். மறுநாள் குரல் பதிவாகப் பதில் வந்தது. மெல்ச்சோரையும் அழைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு மூன்று பேரும் கேட்டோம். முதலில் வெகுநேரம் சிரிப்பு மட்டும். பிறகு டோராய் ஹிமரோக்கில் ஏதோ சொன்னாள். பெனில்டாவும் மெல்ச்சோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு மேஜையில் கவிழ்ந்து சிரித்தார்கள். எனக்கு மட்டும் புரியவில்லை.

"என்னய்யா சொல்றாங்க?" என்றேன்.

மெல்ச்சோர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு மொழிபெயர்த்தார்.

"உச்சரிப்பு ரொம்பச் சுத்தமா இருக்காம். ஒருத்தர்கூடத் தப்பா சொல்லலையாம்."